மோட்டார் உள்ள பின் வீலில் பஞ்சர், கடைக்காரர்கள் தொட மாட்டேன் என்கிறார்கள்

தவளக்குப்பம் பயணி:

எல்லோருக்கும் வணக்கம். தவளக்குப்பத்திலிருந்து தினமும் நேரு வீதிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏழு மாதமாக எலெக்ட்ரிக் சைக்கிள்தான். பின் வீலின் நடுவிலேயே மோட்டார், 250 வாட், லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் தேவைப்படாத வகை. டயர் 26 இஞ்ச், 1.95.

நேற்று இரவு திரும்பும்போது அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் பின்பக்கம் ஆடுகிற மாதிரி இருந்தது, இறங்கி அழுத்திப் பார்த்தால் டயரில் காற்றே இல்லை. ஏறி ஓட்டினால் ரிம் போய்விடும் என்று வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன், பேட்டரியோடு சேர்த்து அந்தக் கனத்தைத் தள்ளியதில் இன்று தோள் இரண்டும் வலிக்கிறது. காலையில் ஒரு பஞ்சர் கடையில் பார்த்துவிட்டு "இதுல ஒயர் போகுதும்மா, ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார். இன்னொரு கடையில் கிட்டவே வரவில்லை. வாங்கிய இடத்தில் கேட்டால் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள், நான்கு நாள் ஆகும் என்கிறார்கள்.

சாதா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியும், சின்ன வயதில் அப்பா சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பயம் அந்த ஒயர்தான். வீலைக் கழற்றினால் ஷாக் அடிக்குமா, மோட்டார் கெட்டுப்போகுமா, வீட்டில் இருக்கும் 15 ஆம் நம்பர் ஸ்பேனர் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும்.

மஞ்சக்குப்பம் மிதிவண்டி:

அக்கா, முதலில் ஒன்று. வீலைக் கழற்றவே வேண்டாம். மூன்று வருடமாக இதே மாதிரி வண்டியில் கடலூரிலிருந்து கன்னியக்கோயில் வரை போய் வருகிறேன், எத்தனையோ பஞ்சர் பார்த்தாயிற்று, டியூபையே மாற்ற வேண்டி வந்தபோது மட்டும்தான் வீலைக் கழற்றினேன். மற்றதெல்லாம் வீல் வண்டியில் இருக்கும்போதே ஒட்டியதுதான்.

ஸ்விட்சை அணைத்துவிட்டு பேட்டரியை உருவி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் ஷாக் பற்றிய கவலையே வேண்டாம், த்ராட்டிலில் கை பட்டு வீல் சுற்றிவிடுமோ என்ற பயமும் இல்லை. பிறகு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கலாம், ஆனால் ஹேண்டிலில் இருக்கும் டிஸ்ப்ளேயும் பிரேக் ஒயர்களும் தரையில் நசுங்கக் கூடாது, பழைய தலையணை ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் கொடுங்கள். எண்ணெய் பிரேக்காக இருந்தால் கவிழ்க்காதீர்கள், காற்று புகுந்து பிரேக் தளர்ந்துபோக வாய்ப்பு இருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்தும் வேலை செய்யலாம், கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுகிற வேலைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பல பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வீலை மெதுவாகச் சுற்றி டயரின் மேல்பக்கம் முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நம் பக்கத்துச் சாலையோரம் முழுக்க சீமைக் கருவேலம், அந்த முள் டயருக்குள் போய் மேலே ஒடிந்துவிடும், வெளியே பார்த்தால் கடுகளவு கறுப்புப் புள்ளிதான் தெரியும். அப்புறம் லாரி டயர் வெடித்துக் கிடக்கும் இடங்களில் சிதறியிருக்கும் மெல்லிய கம்பி, தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும், அதுவும் இதே மாதிரி குத்தி உள்ளேயே இருந்துவிடும். எதையாவது கண்டால் உடனே பிடுங்காமல் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஓட்டை எங்கே என்று பாதி தெரிந்துவிட்டது.

செயின் இல்லாத பக்கத்தில் வால்வுக்கு நேர் எதிரே லிவரை (டயரை நெம்பும் பட்டையை)க் கொடுத்து டயரின் ஓரத்தை ரிம்முக்கு வெளியே எடுங்கள். ஒரு பக்கம் எடுத்தால் போதும். டியூப் கைக்கு வந்துவிடும், ஆக்சிலைச் சுற்றித் தொங்கும், அது தொங்கட்டும். கொஞ்சம் காற்று அடித்துவிட்டு ஒரு அகலமான டப்பாவில் தண்ணீர் வைத்து டியூபைப் பகுதி பகுதியாக முக்குங்கள், மோட்டாரைத் தண்ணீரில் நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி வராத அளவு சின்ன ஓட்டை என்றால் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், காற்று படுவது விரலை விட உதட்டுக்குச் சீக்கிரம் தெரியும்.

டியூப் நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து சொல்யூஷனை மெல்லிசாகப் பூசுங்கள். பூசியதும் ஒட்டினால் நிற்காது. ஐந்து நிமிடம் விடுங்கள், ஈரப் பளபளப்பு போய் மங்கலாகும், ஓரத்தில் விரல் வைத்தால் விரலோடு வராது, அதுதான் பதம். பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து விடுங்கள்.

உள்ளே போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று துடையுங்கள். முள் இருந்தால் துணி சிக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள், கம்பியாக இருந்தால் கிழித்துவிடும்.

ஓ.டி. பஞ்சர் கடை:

கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) நாற்பது வருடமாக எங்கள் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார், நானும் சாயங்காலம் அங்கேதான் இருப்பேன். அக்காவைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பஞ்சர் ஒட்டினால் கிடைப்பது கொஞ்சம் காசு, மோட்டார் ஒயர் அறுந்தால் அவர் தலையில் விழுவது ஆயிரக்கணக்கில். அப்பாவும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நானே ஒரு வண்டியை வீலைக் கழற்றாமல் அவர் முன்னால் ஒட்டிக் காட்டினேன், இப்போது அவரே செய்கிறார். அதனால் நீங்கள் கடைக்குப் போனாலும் "பேட்டரிய எடுத்துட்டேன் அண்ணா, வீலக் கழட்டாம ஒரு பக்கம் மட்டும் டயர எடுத்து ஒட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நிறைய பேர் ஒத்துக்கொள்வார்கள்.

மஞ்சக்குப்பம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் முள், ஆணி, கண்ணாடிச் சில்லு. உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ரிம் டேப், அதாவது ரிம்முக்குள் கம்பி முனைகளை மூடியிருக்கும் பட்டை, நகர்ந்து போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது என்று அர்த்தம், டேப்பைச் சரிசெய்யாமல் நூறு தடவை ஒட்டினாலும் அதே இடத்தில் போகும். பக்கவாட்டில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் காற்று குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. இந்த வண்டிகளில் மோட்டார் மட்டுமே மூன்று நான்கு கிலோ, அத்தனையும் பின்பக்கம்தான், அதனால் இது அடிக்கடி வரும். டயரின் பக்கத்தில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்று அச்சடித்திருப்பார்கள், முன் வீலை விடப் பின் வீலுக்குக் கொஞ்சம் அதிகமாக, அந்த அளவுக்குள் வையுங்கள். வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தி முடிவு செய்யாமல் மீட்டர் உள்ள பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் அடித்தால் சின்ன டியூப் சட்டென்று நிரம்பிவிடும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

டியூபை உள்ளே போடும்போது அப்பா கொஞ்சம் பவுடர் தூவுவார், முகத்துக்குப் போடுகிற அதே பவுடர்தான். டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல், மடங்காமல் உட்காரும். டயரைத் திரும்ப ஏற்றும்போது கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும், அங்கே லிவர் போட்டுத்தான் பாதிப் பேர் புது ஓட்டை போடுகிறார்கள். வால்வு பக்கத்தைக் கடைசியாக வைத்து, எதிர்ப்பக்கத்தில் டயரை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளித் தள்ளி வந்தால் உள்ளங்கையாலேயே ஏறிவிடும்.

லாஸ்பேட்டை 26 இஞ்ச்:

வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எல்லோருக்கும் ஒரு நாள் வரும், வால்வு அடியில் கிழிந்தால் ஒட்ட முடியாது, டியூப் மாற்றியே ஆக வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

போன வருடம் டியூப் மாற்றுவதற்காக நானே வீலைக் கழற்றினேன். அந்த ஆக்சில் வட்டமாக இருக்காது, இரண்டு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருக்கும், ஃப்ரேமின் பிளவுக்குள் அந்தத் தட்டை உட்கார்ந்தால்தான் மோட்டார் வீலைத் தள்ளும்போது ஆக்சில் சுற்றாமல் நிற்கும். அதோடு ஒரு வாஷர் வரும், அதில் நாக்கு மாதிரி ஒரு நீட்டல், அது பிளவுக்குள் இறங்க வேண்டும். நான் அவசரத்தில் அந்த நாக்கை வெளிப்பக்கம் பார்த்து மாட்டிவிட்டு நட்டை இறுக்கினேன். கையில் இறுகியது போலத்தான் இருந்தது. மறுநாள் கோரிமேடு ஏற்றத்தில் த்ராட்டில் கொடுத்ததும் பின்னால் டக்கென்று ஒரு சத்தம், ஆக்சில் பிளவுக்குள்ளேயே புரண்டு ஒயரை முறுக்கிவிட்டது. வீலைக் கையால் சுற்றினால் பிரேக் பிடித்த மாதிரி கடினமாக இருந்தது, உள்ளே தடித்த ஒயர்கள் உரசி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால்தான் அப்படி ஆகும் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். மோட்டாரைத் திறந்து ஒயர் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் கழற்றும் முன் இரண்டு பக்கமும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள், நட்டு, வாஷர் எந்த வரிசையில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். 15 ஆம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் உதவாது, 18 தான் வேண்டும், அதுவும் வாய் திறந்த ஸ்பேனர், ஏனென்றால் ஒயர் ஆக்சிலின் முனை வழியே வந்தால் பாக்ஸ் ஸ்பேனர் ஏறாது. ஃப்ரேமில் ஒயரைக் கட்டியிருக்கும் டேக்கை வெட்டி, மோட்டார் கனெக்டரை நேராக இழுத்துக் கழற்றுங்கள், திருகக் கூடாது, உள்ளே ஒன்பது ஊசி இருக்கும், ஒன்று வளைந்தாலும் வேலை கெட்டது. இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், மாட்டும்போது அம்பும் அம்பும் சந்திக்க வேண்டும், கனெக்டரில் இருக்கும் கோடு மறையும் வரை தள்ள வேண்டும். பாதியில் நின்றால் வண்டி கிளம்பும்போது குலுங்கிக் குலுங்கி நிற்கும், மோட்டார் போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள். டிஸ்க் பிரேக் என்றால் வீல் வெளியே இருக்கும் நேரத்தில் பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

கடைசியாக ஒயர் கீழ்ப்பக்கம் பார்த்து வெளியே வர வேண்டும், கொஞ்சம் தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். மேலே பார்த்து இருந்தால் மழைத் தண்ணீர் ஒயர் வழியாகவே மோட்டாருக்குள் இறங்கும். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள்.

தவளக்குப்பம் பயணி:

அத்தனை பேருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் வாசலில் தலையணை போட்டு வண்டியைக் கவிழ்த்தேன், வீலைக் கழற்றவில்லை. டயரில் நீங்கள் சொன்ன அதே கறுப்புப் புள்ளி, ஊக்கால் நெம்பினால் அரை இஞ்ச் முள். ஒட்டி முடித்துக் காற்று அடித்தால் பத்து நிமிடத்தில் திரும்ப இறங்கிவிட்டது, அழுகையே வந்துவிட்டது. மறுபடி பிரித்து முக்கிப் பார்த்தால் ஒட்டிய இடம் நன்றாக இருக்கிறது, ஒரு சாண் தள்ளி வேறொரு ஓட்டை. டியூபின் வால்வை ரிம்மின் வால்வு ஓட்டைக்கு நேராகப் பிடித்து டயரோடு வைத்துப் பார்த்தேன், அதே இடத்தில் டயருக்குள் இன்னொரு முள், வெளியே தலையே தெரியவில்லை. முதல் தடவை உள்ளே துணியால் துடைக்காமல் விட்டுவிட்டேன்.

இரண்டையும் ஒட்டி இப்போது நான்கு மணி நேரம் ஆகிறது, காற்று அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம், டயரை ஏற்றியபின் ஒரு இடத்தில் மட்டும் புடைத்த மாதிரி இருக்கிறது, சுற்றினால் மேலும் கீழும் ஆடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

மஞ்சக்குப்பம் மிதிவண்டி:

ஓட்டாதீர்கள் அக்கா, அந்த இடத்தில் டயர் ஓரம் சரியாக உட்காரவில்லை, அல்லது டியூப் அடியில் மாட்டியிருக்கிறது. காற்றைப் பாதி இறக்கிவிட்டு அந்த இடத்தை இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் அசைத்து, ரிம் ஓரத்தில் டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் காலையில் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம்.