தேதிக்கோட்டைத் தாண்டும் கணக்கு: மணி பொருந்துகிறது, கிழமை மட்டும் இடிக்கிறது

கேள்வி – திசைகாட்டி

கணக்கு இதுதான்: 165° கிழக்கில் திங்கள் காலை 10 மணி. அதே கணத்தில் 150° மேற்கில் என்ன நேரம், என்ன கிழமை?

நான் போட்டது: 165-லிருந்து 180 வரை 15°, அந்தப் பக்கம் 180-லிருந்து 150 வரை 30°. மொத்தம் 45°. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 180 நிமிடம், 3 மணி நேரம். கிழக்கே போகிறோம் என்பதால் கூட்டினேன். திங்கள் மதியம் 1 மணி. விடைக்குறிப்பிலோ ஞாயிறு மதியம் 1 மணி.

"கிழக்கே போனால் கூட்டு" என்கிறார்கள். "தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் ஒரு நாள் குறை" என்றும் சொல்கிறார்கள் (தேதிக்கோடு என்பது 180°-ஐ ஒட்டிப் போகும், தேதி மாறும் கோடு). இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? கூடவே, 1884 மாநாட்டில் தேதிக்கோடு வரையப்பட்டது என்று ஒரு கேள்வித்தாளில் இருந்தது. அது சரியா?

பதில் 1 – நிலவரை

இரண்டு விதியும் சரிதான். நீங்கள் முதல் விதியோடு நிறுத்திவிட்டீர்கள்.

கிழக்கே ஒவ்வொரு 15°-க்கும் ஒரு மணி கூட்டிக்கொண்டே போனால், 360° சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வரும்போது 24 மணி அதிகமாகியிருக்கும். அதாவது, கரையில் இருப்பவருக்குத் திங்கள், உங்களுக்குச் செவ்வாய். அந்த உபரி 24 மணியை எங்காவது ஓர் இடத்தில் கழித்தாக வேண்டும். அந்த இடம்தான் தேதிக்கோடு. ஆகவே உங்கள் விடையிலிருந்து ஒரு நாளைக் கழித்தால் ஞாயிறு மதியம் 1 மணி வந்துவிடும்.

ஆனால் தேர்வில் இந்த வழியில் போகாதீர்கள், பாதிப் பேர் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்புவது இங்கேதான். எப்போதும் கிரீன்விச் (0° தீர்க்கரேகை) வழியாகவே போங்கள்:

165° கிழக்கு என்பது கிரீன்விச்சுக்கு 11 மணி முந்தியது. திங்கள் காலை 10-லிருந்து 11-ஐக் கழித்தால் கிரீன்விச்சில் ஞாயிறு இரவு 11. 150° மேற்கு 10 மணி பிந்தியது. இன்னும் 10-ஐக் கழித்தால் ஞாயிறு மதியம் 1. தேதிக்கோடு குறுக்கே வரவே இல்லை, கிழமை தானாக விழுந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் மணியோடு கிழமையையும் எழுதிக்கொண்டே போக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

விமானக் கணக்குக்கும் இதே வழி. டோக்கியோவில் ஜனவரி மாதத் திங்கள் மாலை 5-க்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலஸில் எப்போது இறங்கும்? டோக்கியோ கிரீன்விச்சுக்கு 9 மணி முந்தியது, ஆக கிளம்பும்போது கிரீன்விச்சில் திங்கள் காலை 8. பயண நேரம் கூட்டினால் திங்கள் மாலை 6. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி பிந்தியது, எனவே அங்கே திங்கள் காலை 10. கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது போல விடை வந்தாலும் அடித்துத் திருத்தாதீர்கள், அதுதான் சரி.

பதில் 2 – பாகைமானி

மேலே சொன்ன வழியிலும் மதிப்பெண் போகிற இடங்கள் உண்டு.

பாகையைத் (டிகிரியை) தசமமாக எழுதுவது முதல் தவறு. ஒரு பாகைக்கு 60 கலை (′). 37°45′ என்பது 37.45° அல்ல, 37.75°. பிரித்துப் போடுவது நல்லது: 37 × 4 = 148 நிமிடம். 45′-க்கு ஒவ்வொன்றுக்கும் 4 விநாடி, 180 விநாடி, அதாவது 3 நிமிடம். மொத்தம் 151 நிமிடம் = 2 மணி 31 நிமிடம். 37.45 × 4 என்று போட்டால் 149.8 வரும், தப்பு.

இரண்டாவது, தல நேரமா (அந்த இடத்தின் சூரிய நேரம்) திட்ட நேரமா (நாடு முழுதும் கடிகாரம் காட்டும் நேரம்) என்று பார்க்காமல் போடுவது. ஜப்பானின் திட்ட நேரம் 135° கிழக்குக்கு உரியது, அந்தக் கோடு அகாஷி நகர் வழியாகப் போகிறது. டோக்கியோ ஏறக்குறைய 139.7° கிழக்கில் இருக்கிறது. 4.7 × 4, கிட்டத்தட்ட 19 நிமிடம். அங்கே சூரிய நேரம் கைக்கடிகாரத்தைவிட அவ்வளவு முந்தும். கேள்வியில் தீர்க்கரேகை மட்டும் கொடுத்திருந்தால் தல நேரம் கேட்கிறார்கள், நாட்டின் பெயர் சொல்லி "கடிகாரம் என்ன காட்டும்" என்றால் திட்ட நேரம்.

24 மணிக்கு 360° என்பதில் சிலருக்குச் சந்தேகம் வரும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதானே? ஆம், அது விண்மீன்களை வைத்து அளந்தது. பூமி சூரியனையும் சுற்றி நகர்வதால், சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் சுமார் ஒரு பாகை திரும்ப வேண்டும், அதற்கு மேலும் 4 நிமிடம். கடிகாரம் சூரியனைப் பின்பற்றுகிறது, அதனால் 15° கணக்கில் மாற்றமில்லை.

பதில் 3 – பழங்கணக்கு

1884 கேள்விக்கு: அந்த வரி தவறு. அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளில் 22 நாடுகள் கிரீன்விச்சை முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்றன. ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. தேதிக்கோடு எங்கே போக வேண்டும் என்று அங்கே ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை. அது 180°-ஐ ஒட்டிப் போகும் வழக்கக் கோடு. எந்தப் பக்கம் இருப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது, வளைவுகளெல்லாம் அதனால்தான்.

ஒரு நாள் காணாமல்போவது அதற்கு நெடுங்காலம் முன்பே தெரிந்த விஷயம். 1519-இல் மெகல்லன் தலைமையில் மேற்கே புறப்பட்ட பயணத்தில் மிஞ்சிய கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளைத் தொட்டபோது, கப்பல் குறிப்பேட்டில் புதன், கரையில் வியாழன். மேற்கே சுற்றினால் ஒரு நாள் குறையும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

கொஞ்சம் கடினமான கணக்கு வேண்டுமா? 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியது. அங்கே அக்டோபர் 6 வெள்ளிக்கு மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளி. ரஷ்யா அப்போது பின்பற்றிய பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியனுக்கு மாற 12 நாள் கூட்ட வேண்டும், தேதிக்கோட்டின் அமெரிக்கப் பக்கம் வருவதால் ஒரு நாள் குறைக்க வேண்டும். மறுநாள் அக்டோபர் 7 சனி, 12 கூட்டினால் 19 சனி, ஒன்று குறைத்தால் 18 வெள்ளி.

திசைகாட்டி

கிரீன்விச் வழி பிடிபட்டது, நன்றி. ஒரு துணைக்கேள்வி: சமோவாவும் அமெரிக்கச் சமோவாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள்தானே, அங்கே நேர வேறுபாடு ஏன் 24 மணி?

பதில் 4 – வரவுசெலவு

வணிகம்தான் காரணம். சமோவா 1892-இல் அமெரிக்க வணிகத்துக்காக ஜூலை 4-ஐ இருமுறை கொண்டாடி அமெரிக்கப் பக்கம் போனது. பிறகு வியாபாரம் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று மாறிவிட்டது. அப்போது சமோவாவில் வெள்ளி என்றால் நியூசிலாந்தில் சனி விடுமுறை. நியூசிலாந்தில் திங்கள் என்றால் சமோவாவில் ஞாயிறு. இரு பக்கமும் அலுவலகம் திறந்திருந்தது வாரத்தில் 4 நாள்தான். அதனால் 2011 டிசம்பர் 29 வியாழனுக்கு மறுநாளை 31 சனியாக்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இருக்கும் பக்கம் வந்துவிட்டார்கள். 30-ஆம் தேதி அந்த நாட்டு நாட்காட்டியில் இல்லை.

அமெரிக்கச் சமோவா பழைய பக்கமே இருக்கிறது. சமோவா கிரீன்விச்சுக்கு 13 மணி முந்தியது, அமெரிக்கச் சமோவா 11 மணி பிந்தியது. கூட்டினால் 24. இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும், தேதி மட்டும் வேறு. ஒன்று கிரீன்விச்சுக்கு முந்தியது, மற்றது பிந்தியது என்றால் கூட்ட வேண்டும், இரண்டும் முந்தியவை அல்லது இரண்டும் பிந்தியவை என்றால் கழிக்க வேண்டும். இதில் 13-லிருந்து 11-ஐக் கழித்து 2 மணி என்று எழுதுபவர்கள் நிறைய.