பெரியம்மா தந்த பால்தேத்தண்ணி குடிச்சிட்டன், இனி நான் வீகன் எண்டு சொல்லலாமோ?

கோண்டாவில்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

நான் வீகனா, அதாவது இறைச்சி மீன் முட்டை பால் எண்டு சீவனிலயிருந்து வாற ஒண்டும் எடுக்காத ஆளா, மாறி வாற மாசி மாசத்தோட ஒரு வருசம். இறைச்சி மீன் முட்டை விட்டது எனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கேல்லை, எங்கட வீடு வெள்ளி செவ்வாய், கந்தசஷ்டி, நல்லூர் கொடியேறினா 25 நாளும் மச்சம் அடுப்பில ஏத்தாத வீடு, அதால சின்னனிலயிருந்தே பழக்கம். பால்தான் கஷ்டம். பால் விட்டதுக்கும் காரணம் இருக்கு. அம்மம்மா வீட்டில ஒரு பசு நிண்டது, அது ஒரு நாம்பன் (ஆண்) கன்று போட்டுது, நான்தான் அதுக்குப் புல்லுப் புடுங்கிக் குடுக்கிறனான். ஒருநாள் பள்ளிக்கூடத்தால வந்து பாத்தா கட்டையில கயிறு மட்டும் கிடக்கு. வித்துப்போட்டினம். ஆருக்கு வித்தது எண்டு கேட்டதுக்கு ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. பசு மூண்டு நாள் கத்தினது. அது கன வருசத்துக்கு முந்தி, ஆனா போன வருசம்தான் அந்தக் கயிறையும் நான் குடிக்கிற பாலையும் சேர்த்து யோசிச்சன், அதுக்குப் பிறகு குடிக்க மனம் வரேல்லை.

இப்ப பிரச்சினை என்னெண்டா, பெரியப்பா மோசம் போய் அந்தியேட்டி (செத்தவருக்குச் செய்யிற கிரியை) முடிஞ்ச கையோட பெரியம்மாவைப் பாக்கப் போனனான். அவ அந்த ஒரு மாசமும் குசினிப்பக்கமே போகேல்லையாம். நான் வந்தோடன எழும்பிப் போய் தன்ர கையால பால்தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து நீட்டினா. எனக்கு வாய் வரேல்லை. வாங்கிக் குடிச்சிட்டன். பக்கத்தில இருந்த மச்சாள் எல்லாருக்கும் முன்னால "பாத்தீங்களே, இவவின்ர விரதம் முறிஞ்சுபோச்சு" எண்டு சொல்லிச் சிரிச்சா.

அண்டு முழுக்க நித்திரையில்லை. பிறகு ஒவ்வொண்டா யோசிக்க யோசிக்க இன்னும் கூடுது, போன கிழமை குடிச்ச கப்சூலின்ர கோது ஜெலற்றின், அது மாட்டெலும்பு தோலிலயிருந்து எடுக்கிறது, கடைத் தோசைக்கு நெய் பூசினவையோ தெரியாது, கல்யாணத்துக்குக் கட்டின சீலை பட்டு, பேக்கரிப் பணிசுக்குள்ள இருந்த சம்பலுக்கு மாசிக்கருவாடு போட்டிருப்பினம். அப்ப நான் உண்மையில என்ன? முழுசாச் செய்ய ஏலாட்டி விட்டிடுறதுதான் நேர்மையோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

---

சங்குப்பூ:

தங்கச்சி, முதல் அந்த விரதம் எண்ட சொல்லைத் தூக்கி அங்கால வையுங்கோ. உங்கட மச்சாள் பிழையாச் சொல்லேல்லை, எங்கட ஊரில மச்சம் தவிர்க்கிறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே வடிவம் அதுதான். விரதத்தில மச்சச் சட்டி வேற, சைவச் சட்டி வேற, அகப்பை பட்டாலும் தீட்டு, ஒருவாய் தவறினா அண்டைய விரதம் போச்சு. அது துப்புரவு பற்றின விசயம். நானும் அதில வளர்ந்தவள்தான், அதைக் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா நீங்கள் பாலை விட்டது தீட்டு எண்டோ? இல்லையே. அந்தக் கன்றுக்காக. அப்ப கணக்கும் கன்றின்ர பக்கத்திலயிருந்துதான் பாக்க வேணும். பெரியம்மா வீட்டு ஒரு தேத்தண்ணியால அந்தக் கன்றுக்கு என்ன கூடிச்சு, நீங்கள் இந்த ஒரு வருசம் காலமையும் பின்னேரமும் குடிக்காம விட்ட பாலால என்ன குறைஞ்சுது? நாளுக்கு ரெண்டு எண்டா வருசத்துக்கு 700க்கு மேல தேத்தண்ணி. அதை ஒரு தேத்தண்ணி அழிச்சுப்போடுமே?

இன்னொண்டு. இந்த வீகன் எண்ட சொல்லைப் பரப்பின சங்கமே இவ்வளவு கடுமையா இல்லை. இங்கிலாந்தில 1944 நவம்பரில டொனால்ட் வாட்சனும் இன்னும் கொஞ்சப் பேரும் சேர்ந்துதான் வீகன் சொசைற்றி எண்ட அந்தச் சங்கத்தைத் தொடங்கினது, அதின்ர இப்பத்தைய வரைவிலக்கணத்திலயே "இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்துவாறவரை" எண்டு இருக்கு. இயன்றவரை எண்டது சும்மா ஒட்டின சொல் இல்லை. வைத்தியர் எழுதின மருந்தை ஜெலற்றினுக்காக நிப்பாட்டச் சொல்லி அவையும் சொல்லுறேல்லை. கப்சூலுக்குப் பதிலா குளிசையா வருதோ எண்டு பார்மசியில கேட்டுப் பாருங்கோ, இல்லையெண்டா பேசாமக் குடியுங்கோ, சுகமா இருக்க வேணும்.

பெரியம்மாவுக்கு இன்னொருக்காப் போகேக்க பனங்கட்டி ஒரு குட்டான் கொண்டுபோங்கோ. "பெரியம்மா, எனக்குப் பிளேன்ரீ போடுங்கோ, ரெண்டு பேரும் பனங்கட்டி கடிச்சுக் குடிப்பம்" எண்டு சொல்லுங்கோ. அவவுக்கு உங்களுக்கு ஏதாவது தரவேணும், அவ்வளவுதான், பால்தான் தரவேணும் எண்டில்லை.

---

வடமராட்சியான்:

சங்குப்பூ அக்கா சொன்னதோட முக்கால்வாசி ஒத்துப்போறன், ஆனா ஒண்டு சொல்ல வேணும். இயன்றவரை எண்ட சொல் நல்ல சொல்தான், அதுவே சாட்டாவும் மாறும், நான் கண்டது.

எங்கட குடும்பம் கடற்றொழில். அப்பா வலையால வந்தாத்தான் வீட்டில சமையல். அந்த வீட்டில நான் மீன் சாப்பிடேல்லை எண்டு சொன்ன நாள் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அப்பா ஒண்டும் பேசேல்லை, எழும்பி வெளியால போட்டார், தன்ர தொழிலை நான் பாவம் எண்டு சொல்லுறன் எண்டு நினைச்சிட்டார். முதல்தரம் நான் சரியான கடும்போக்கு. அம்மா மீன்சட்டி கழுவின கையால புட்டு அவிச்சா சாப்பிடமாட்டன், பிஸ்கற் லேபலைக் கடையில நிண்டு கால் மணித்தியாலம் வாசிப்பன், கூட்டாளியின்ர பிறந்தநாளுக்குப் போகமாட்டன். நாலு மாசம்தான். அஞ்சாம் மாசம் ஒருநாள் பசியில ஆரோ தந்த பணிசைச் சாப்பிட்டன், உள்ளுக்க மாசி, அதோட "இனி என்ன கிடக்கு" எண்டு அண்டிரவே வீட்டில மீன்குழம்பு. அந்த ஒரு பணிசால ரெண்டு வருசம் திரும்பவும் மச்சம். பணிசுக்குள்ள இருந்த மாசி ஒரு நுள்ளு, பிறகு ரெண்டு வருசம் சாப்பிட்ட மீன் எவ்வளவு? முழுசு இல்லாட்டி ஒண்டுமில்லை எண்டு நினைச்சதால வந்த வினை.

ரெண்டாந்தரம் தொடங்கி இப்ப நாலு வருசம். இந்தமுறை ஒரு கோடு போட்டன். நானா வாங்கிறது, நானா சமைக்கிறது, நானாக் கேட்டு எடுக்கிறது, இது மூண்டிலயும் விட்டுக்குடுக்கிறேல்லை, அதில இயன்றவரை எண்ட கதையே இல்லை. மற்றாக்கள் தெரியாமச் செய்தது, மருந்து, செத்தவீடு மாதிரி இடம், அதை மனசில போட்டு உழப்பிறேல்லை. நீங்களும் உங்களுக்கு ஏத்த கோட்டை இப்பவே போட்டு வையுங்கோ தங்கச்சி, வாய்க்குக் கிட்ட வந்தாப் பிறகு யோசிச்சா மனம் எப்பவும் சாட்டுத்தான் தேடும்.

அம்மா இப்ப ஒடியல் கூழ் காய்ச்சேக்க பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் அவிஞ்சோடன, நண்டும் மீனும் போடமுந்தி எனக்கு ஒரு சின்னச் சட்டியில வேறயா எடுத்து வைப்பா. அதே அகப்பைதான். நான் ஒண்டும் சொல்லுறேல்லை. போன மாசம் அப்பா தானாவே அந்தச் சின்னச் சட்டியைத் தூக்கி என்னட்டைத் தந்தவர்.

---

வார்ட்டில_நிக்கிறன்:

நான் தாதியா வேலை செய்யிறன், என்ர கருத்து உடம்பு பற்றி மட்டும். சீலை, தோசை, பணிஸ் எண்டு எல்லாத்துக்கும் கவலைப்பட்ட பிள்ளை பி12 பற்றி ஒரு வரியும் எழுதேல்லை, எனக்கு அதுதான் கவலை.

விற்றமின் பி12 ஐ மரஞ்செடி ஒண்டும் உண்டாக்கிறேல்லை, பக்ரீரியாதான் உண்டாக்குது. முருங்கையிலையிலயும் இல்லை, வல்லாரையிலயும் இல்லை, பழஞ்சோத்தை நம்பவும் ஏலாது. ஈரலில கொஞ்சம் சேமிப்பு இருக்கிறதால முதல் ஒண்டு ரெண்டு வருசம் ஒண்டும் தெரியாது, அதுதான் ஆபத்து, "எனக்கு ஒண்டும் இல்லையே" எண்டு இருப்பினம், பேந்து கால் கை விறைப்பு, நாக்கு எரிவு, மறதி, களைப்பு எண்டு வரும். கீரை பருப்பு நல்லாச் சாப்பிடுற ஆக்களுக்கு போலேற் எண்ட இன்னொரு பி விற்றமின் நிறையக் கிடைக்கும், அதால இரத்தத்தில குறைபாடு வெளியால காட்டாம நரம்பு மட்டும் பழுதாகலாம். நரம்பில வாறது பிந்திப் பாத்தா முழுசாத் திரும்பாமலும் விடும். வளர்ந்த ஆளுக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் காணும், ஆனா குளிசையா எடுக்கேக்க ஒரேயடியா எடுக்கிறதில கொஞ்சம்தான் உடம்பு உறிஞ்சும், அதால வீகன் சொசைற்றி சொல்லுறது நாளுக்கு 10 மைக்ரோகிராமாவது, இல்லாட்டிக் கிழமைக்கு ஒருக்கா 2000 மைக்ரோகிராம். ஒரு வருசம் ஆகப்போகுது எண்டால் ஒருக்கா இரத்தம் குடுத்துச் சோதிச்சுப்போட்டு டொக்ரரோட கதைச்சுத் தொடங்குங்கோ. மற்றதெல்லாத்திலயும் இயன்றவரை எண்டு இருக்கலாம், இதில மட்டும் இருக்காதேங்கோ.

கல்சியத்துக்குப் பயப்படத் தேவையில்லை, குரக்கன்மா 100 கிராமில 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, எள்ளு இருக்கு, முருங்கையிலை வேலியிலயே நிக்குது. இரும்புச்சத்துக்கு கௌபி, பயறு, கடலை, கீரை, சாப்பிடேக்க தேசிக்காய் பிழிஞ்சு விடுங்கோ. சாப்பிட்ட உடன பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கோ, தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது, ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடியுங்கோ.

---

இணுவில்பெடியன்:

அக்கா, எனக்கு 19 வயசு, மிருதங்கம் பழகிறன். மிருதங்கம் தோல். தவிலும் தோல்தான். நான் வீகன் எண்டு சொன்னோடன எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி இது. விட்டிடுவம் எண்டு ஒரு மாசம் தொடாமலும் இருந்தன், கை நடுங்கினது. என்ர மாஸ்ரரிட்டைச் சொன்னன், அவர் கன நேரம் பேசாம இருந்துபோட்டு "தோலைத் தந்த சீவனை நினைச்சு வாசி, வலந்தலை கிழியாமப் பாத்துப் பாவி" எண்டார். வலந்தலை எண்டது வலப்பக்கத் தோல். செயற்கைத் தோல் போட்ட மிருதங்கமும் இப்ப வருது, கைக்குப் பழகினாப் பிறகு மாறவேணும் எண்டு இருக்கிறன். அதுவரைக்கும் இருக்கிறதை வாசிக்கிறன். உங்கட பட்டுச்சீலையும் அப்பிடித்தானே, புழுவோட கூட்டை அவிச்சது அவிச்சதுதான், எறிஞ்சா அது உயிர்க்கப் போறேல்லை, இருக்கிறதைக் கட்டுங்கோ, புதுசு வாங்காமல் விடுங்கோ. நான் அப்பிடித்தான் நினைக்கிறன், பிழையெண்டா சொல்லுங்கோ.

---

பனையோலை:

எனக்கு ஒரு சந்தேகம், சண்டைக்குக் கேக்கேல்லை. வீட்டு மாட்டில கன்றுக்கு விட்டுப்போட்டு மிச்சத்தைத்தானே கறக்கிறம், பண்ணை மாதிரி இல்லையே. எங்கட பசுவை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்க்கிறம். அதையும் கொடுமை எண்டு சொல்லலாமோ? நான் மச்சம் சாப்பிடுறேல்லை, பால் மட்டும் விட மனமில்லை.

---

கோண்டாவில்பிள்ளை:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை, வாசிச்சு அழுதிட்டன்.

பனையோலை, நீங்கள் உங்கட பசுவில அன்பு எண்டு நான் நம்புறன். அம்மம்மாவும் அப்பிடித்தான், சாணி மெழுகிப் பட்டிப்பொங்கலுக்குப் பொட்டு வைச்சு மாலை போடுவா. ஆனா பசு பால் தாறதுக்கு வருசா வருசம் கன்று போடவேணும், அதில பாதி நாம்பன், நாம்பனுக்கு எந்த வீட்டிலயும் இடமில்லை. இப்ப உழவும் மெசினால. அப்ப அந்த நாம்பனெல்லாம் எங்க போகுது? வீட்டுப்பாலோ பண்ணைப்பாலோ அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான். உங்களைப் பாலை விடச் சொல்லிக் கேக்கேல்லை, உங்கட வீட்டில அடுத்த கன்று நாம்பனாப் பிறந்தா அதை விக்காமல் வைச்சிருக்க ஏலுமோ எண்டு மட்டும் யோசிச்சுப் பாருங்கோ. நீங்கள் அப்பிடி ஒரு நாம்பனை வளர்த்தாக்கூட எனக்குச் சரியான சந்தோசம்.

வார்ட்டில_நிக்கிறன் அக்கா, வெள்ளிக்கிழமை இரத்தம் குடுக்கப் போறன். உண்மையில கால் பெருவிரல் கொஞ்ச நாளா விறைக்குது, செருப்பால எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான், இப்ப பயமா இருக்கு.

வடமராட்சியான் அண்ணை, கோடு போட்டிட்டன். என்ர காசில வாங்கிறது, என்ர குசினியில நடக்கிறது, அது கறார். பெரியம்மாட்டை நேற்றுப் போனன், பனங்கட்டியோட. நான் சொல்ல முந்தியே அவ "உனக்குப் பால் ஒத்துவராது எண்டு கொம்மா சொன்னவ, அண்டைக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை" எண்டு கேட்டா. கன்றின்ர கதையைச் சொன்னன். அவவுக்கும் அந்தக் கன்று ஞாபகம் இருக்கு, நெத்தியில வெள்ளை எண்டு அவதான் சொன்னா, நான் மறந்துபோனன்.

இன்னும் ஒண்டே ஒண்டுதான் விட ஏலாமல் இருக்கு, மோர்மிளகாய். ஆராவது மோர் இல்லாமச் செய்யிறனீங்களோ?

---

சங்குப்பூ:

பெருவிரல் விறைக்குது எண்டால் வெள்ளிவரைக்கும் பொறுக்காதேங்கோ, நாளைக்கே போங்கோ.

மோர்மிளகாய்க்கு நான் செய்யிறது இது. மிளகாயைக் கீறி, உப்பும் தேசிக்காய்ப்புளியும் கொஞ்சத் தண்ணியும் விட்டு மண்சட்டியில இரவு ஊறவிடுங்கோ, பகலில எடுத்து வெயிலில போட்டு இரவு திரும்ப அதே தண்ணிக்குள்ள போடுங்கோ, தண்ணி வத்துமட்டும் இப்பிடிச் செய்து பேந்து நல்லாக் காயவிடுங்கோ. நல்லெண்ணெயில பொரிக்கேக்க மோர் வாசம் வராது, புளிப்பு நிக்கும். பங்குனி வெயிலுக்கு நாலு நாள் காணும்.