மறுமணத்துக்குப் பிறகும் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கரூர்க்காரன்:
2021-ல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகன் அவன் அம்மாவிடம் இருக்கிறான், ஒன்பது வயது. கோர்ட் தீர்ப்பாணையில் சொன்னபடி அவனுக்காக மாதம் 9,000 ரூபாய், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன தையில் அவர் மறுமணம் செய்துகொண்டார். இருவருக்கும் சம்பளம், ஜாயிண்ட் அக்கவுண்ட். எனக்கும் மறுமணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கிறது, வீட்டுக்கடன் தவணை 18,000. அங்கே இரண்டு சம்பளம், இங்கே ஒன்று. என் பணம் பையனுக்குப் போகிறதா, அவர்கள் கார் தவணைக்குப் போகிறதா என்று யார் சொல்வது? நிறுத்திவிடலாமா?

நொய்யல்_தங்கை:
நிறுத்தாதீர்கள் அண்ணா. நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவள். அம்மா மறுமணம் செய்ததும் அப்பா பணத்தை நிறுத்திவிட்டார். வந்தவர் நல்லவர், கேட்டதற்கு இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் ஸ்கூல் ஃபீஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று வாசற்படியிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். பெற்றவர் பணம் வந்துகொண்டிருந்தால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

ஆத்தூரான்:
தங்கச்சி சொல்வது மனசைத் தொடுகிறது. ஆனால் அம்மாவும் சம்பாதிக்கிறாரே, முழுச் சுமையும் ஏன் அப்பா தலையில்? இரண்டாவது குழந்தையும் குழந்தைதானே?

குமாஸ்தா_திருச்சி:
குடும்ப நல வழக்குக் கட்டுகளோடு இருபது வருடம் ஓடிவிட்டது. இதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முன்னாள் மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கானது வேறு. அவர் மறுமணம் செய்தால் அவருக்கான தொகையை ரத்து செய்யக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் 25(3) அதைத்தான் சொல்கிறது. பிள்ளையின் பணம் அதோடு போய்விடாது. புதுக் கணவர் முறைப்படி தத்தெடுத்தால்தான் கதை மாறும், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

ஆத்தூரான் கேட்டதிலும் நியாயம் உண்டு. 1956-ம் வருடத்து இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் 20-வது பிரிவில் அப்பா, அம்மா இருவருக்குமே கடமை. 2000-ல் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் செலவை இருவர் சம்பளத்தையும் பார்த்து 2:1, அதாவது அப்பாவுக்கு இரண்டு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு என்று பிரித்தது. ஆக, பையனின் அம்மா வருமானத்தைக் காட்டிக் குறைக்கக் கேட்கலாம். அவருடைய புதுக் கணவர் சம்பளத்தைக் காட்டிக் கேட்பது எடுபடாது, பிள்ளையைப் பெற்றவர் அவர் இல்லையே.

கரூர்க்காரன்:
சரி, ஜாயிண்ட் அக்கவுண்ட்? என் வீட்டுக்கடன்?

குமாஸ்தா_திருச்சி:
2020 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்த பிறகு, பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். ஜாயிண்ட் அக்கவுண்டில் அவர் சம்பளம் எவ்வளவு விழுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். உங்கள் கணக்கும் அதேபோல் வெளியே வரும், அதற்கும் தயாராக இருங்கள். வீட்டுக்கடன் நீங்களாக விரும்பி வாங்கியது. அதைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் லேசில் ஒப்பாது. கைக்குழந்தை செலவைச் சொல்லலாம். அதற்காகத் தொகை குறையலாமே தவிர, இல்லாமல் போகாது.

இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் தொகையை மாற்றக் கேட்டு மனு போடுங்கள். உத்தரவு வரும்வரை கட்டுங்கள். நீங்களாக நிறுத்தினால் நிலுவை ஏறும். உத்தரவை அமல்படுத்தக் கேட்டு அவர் நிறைவேற்று மனு போட்டால் சம்பளத்திலேயே கை வைப்பார்கள்.

ஆத்தூரான்:
பணம் எதற்குப் போகிறது என்று கேட்கவே உரிமை இல்லையா? அது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

நொய்யல்_தங்கை:
கேளுங்கள் அண்ணா. பையன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லலாம், ஃபீஸை நேராகப் பள்ளிக்கே கட்டுகிறேன் என்று மனுவில் கேட்கலாம். ஆனால் அரிசி, பால், கரண்ட் பில்லுக்கெல்லாம் ரசீது கேட்காதீர்கள். அவன் சாப்பிடும் சோறு தனிப் பானையில் வேகவில்லை.

கரூர்க்காரன்:
மனு போடத்தான் போகிறேன், 9,000 எனக்கு இப்போது பாரம்தான். கார் தவணை என்று எழுதியதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அது கோபத்தில் வந்தது. இந்த மாதப் பணம் காலையிலேயே அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையனைப் பார்க்கப் போகும்போது ஃபீஸ் சீட்டை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.