முடி கொட்டுது என்றால் ஆளுக்கொரு கதை: திருகோணமலைப் பெண்களின் அனுபவங்கள்

உவர்மலை அம்மா:
இளையவள் பிறந்து நாலாம் மாதம். குளியலறைக் குழி முடியால் அடைக்கிற காலம், தாய்மாருக்குத் தெரியும். பத்திரகாளி அம்மன் கோயிலில் பூசைக்கு நிற்கிறேன். பின்னால் நின்ற, முன்பின் தெரியாத மாமி ஒருவர் என் தோளில் கிடந்த முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாகக் குட்டி முடிச்சு. "வேரோட கழண்டிட்டுது பிள்ளை, இனி அந்த இடத்தில முளைக்காது" என்றார். அவ்வளவுதான், அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு சீப்பில் வந்ததை எல்லாம் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த முடிச்சு! பிறகு மிட்வைஃப் சொல்லித்தான் தெரிந்தது, அது வேரே இல்லையாம். வளர்ந்து ஓய்ந்த முடி அப்படித்தான் விழுமாம், வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்குமாம். பிள்ளைக்கு ஒரு வயதாகுமுன் நெற்றியோரம் எல்லாம் முளைத்துவிட்டது. அந்த மாமியைத்தான் பிறகு காணவேயில்லை.

கிண்ணியா டீச்சர்:
எனக்கு 2017 டெங்கு, கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பரவிய வருஷம். இங்கே இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காய்ச்சல் மாறி, உடம்பு தேறி, பள்ளிக்கூடத்துக்கும் திரும்பிய பிறகுதான் முடி கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "முக்காட்டுக்குள்ள காத்துப் படாது, அதுதான் கொட்டுது" என்றார். கையிலிருந்த தேத்தண்ணியை நான் வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. முடிக்குச் சாப்பாடு இரத்தத்தில் போகிறது, காற்றில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டது. கடும் காய்ச்சல் நிறைய முடியை ஒரேயடியாக ஓய்வுக்குத் தள்ளிவிடும், அது விழ இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதனால்தான் காய்ச்சலை மறந்துவிட்டு முக்காட்டைப் பிடிக்கிறார்கள். உம்மா சொன்னது வேறு: ஈரத்தோடு இறுக்கிக் கட்டாதே. அதில் நியாயம் உண்டு, ஈரமுடி லேசில் அறும்.

நிலாவெளி:
உவர்மலை அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு "தானா முளைக்கும்" என்று எத்தனை பேர் சும்மா இருக்கப் போகிறார்களோ. எல்லாக் கொட்டலும் ஒன்றில்லை. எனக்குக் கொத்தாக விழவேயில்லை, உச்சி மட்டும் வருஷா வருஷம் அகன்றது. அம்மாவுக்கும் அப்படித்தான். கிளினிக்கில் டாக்டர் உச்சியை ஒருமுறை, பின்தலையை ஒருமுறை பிரித்துப் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பின்னால் மெல்லிய கோடு. முன்னால் ஒற்றையடிப் பாதை. மினொக்சிடில் என்ற, தலையில் பூசுகிற மருந்தை எழுதித் தந்தார். முதல் சில கிழமை இன்னும் கூடக் கொட்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் போத்தலைக் கடலில் எறிந்திருப்பேன். விட்டால் வந்ததும் போய்விடும், தொடர்ந்து பூச வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உவர்மலை அம்மா:
நான் என் தலையைப் பற்றித்தான் எழுதினேன் தங்கச்சி. ஊருக்கு மருந்து எழுதவில்லை.

அலஸ்தோட்டம்:
என் கதை சின்னது. டவுனில் ஒரு சலூன். அயன் பிடித்த பிள்ளை திடீரென்று கையை நிறுத்தினாள். கருகல் மணம். அவள் விரலிடுக்கில் என் முன்முடி. "ஸொறி அக்கா."

சரி, மெல்லிய முடிக்காரர்கள் கேளுங்கள். அகலப்பல் சீப்பு வாங்கி நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போங்கள், உச்சியிலிருந்து இழுக்காதீர்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் முடியை முளைக்க வைக்காது, ஆனால் முழுகுமுன் தடவினால் முடியிலுள்ள புரதம் கழுவுப்பட்டுப் போவது குறையும். அம்மம்மாவின் செவ்வரத்தை எண்ணெய்க் கதையை யாரும் தொடங்க வேண்டாம், அம்மம்மாவுக்கு நீள முடி வந்தது பரம்பரையில். கிணற்றுத் தண்ணி உவர் என்றால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணி வைத்துக்கொள்ளுங்கள், முடி சொரசொரப்பது குறையும். அப்புறம் இரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கிற இரும்பின் அளவு), தைரொயிட் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் அதிகம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். சோற்றோடு சோறாகப் பிளேன்டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பும் சரியாக உடம்பில் சேராது. முடிக்கென்று பயோட்டின் என்ற விற்றமின் குளிசை போடுகிறவர்கள் இரத்தம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள், அது தைரொயிட் முடிவையே பிழையாகக் காட்டலாம்.

நிலாவெளி:
அக்கா, யாரும் கேட்கவே இல்லையே! ஆனால் பயோட்டின் விஷயம் எனக்குப் புதுசு.

பாலையூற்று:
என் தலை இல்லை, மகளின் தலை. தினமும் இரட்டைப் பின்னல். காதோரம் முடி மெலிந்து தோல் தெரியத் தொடங்கியதும் கொஞ்சம் தளர்த்திப் பின்னி அனுப்பினேன். மத்தியானம் கூட்டிவரப் போனால், வகுப்பு வாசலில் வைத்து ஆசிரியை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருக்கிறார். இழுத்த இழுப்பில் பிள்ளையின் புருவம் மேலே போய்விட்டது. அவள் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இழுவையில் கொட்டுகிற முடி ஆரம்பத்தில் விட்டால் திரும்ப வரும், வருஷக்கணக்கில் இழுத்தால் அந்த இடம் தழும்பாகிவிடும் என்று டாக்டர் சொல்லி ஒரு கடிதம் தந்தார். அதைக் கொடுத்த பிறகு தளர்ந்த பின்னலை விட்டுவிட்டார்கள். அடுத்த தவணைக்கு வகுப்பாசிரியர் மாறுகிறாராம். கடிதத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.