டர்போ காருக்கு இன்சூரன்ஸ் அதிகமா, குறைவா?

கோவை டர்போ:
ஹூண்டாய் ஐ20-யின் டர்போ மாடலான என் லைன் (N Line) எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஷோரூமில் முதல் வருட இன்சூரன்ஸுக்கு மட்டும் 60 ஆயிரம் கேட்கிறார்கள். ஏன் இவ்வளவு என்றால், "ஸ்போர்ட்ஸ் மாடல் சார், அப்படித்தான் வரும்" என்கிறார்கள். வண்டி வேகமாகப் போகும் என்பதற்காக ஓட்டுகிறவனும் கண்மண் தெரியாமல் ஓட்டுவான் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவதா? இத்தனை வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போடாமல் ஓட்டுகிறேன். டர்போ கார்க்காரர்களிடம் கறக்கிறார்கள் என்பதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் கணக்கோடு வாருங்கள்.

சர்வேயர்62:
கணக்கோடே வருகிறேன் தம்பி. அடிபட்ட வண்டிகளின் சேதத்தை இன்சூரன்ஸுக்காக மதிப்பிடும் மோட்டார் சர்வேயர் வேலையில்தான் என் தலை நரைத்தது.

நம் நாட்டில் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான) பிரீமியம் சிசியை, அதாவது இன்ஜின் கொள்ளளவைப் பார்த்துத்தான் போடப்படுகிறது, வேகத்தைப் பார்த்து அல்ல. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. என் லைன் 998 சிசி, 120 பிஎஸ் (குதிரைத்திறன்). சாதாரண ஐ20 1197 சிசி, 83 பிஎஸ். அதாவது வேகமான கார் 2,094 கட்டுகிறது, சாதுவான கார் 3,416 கட்டுகிறது. உங்களிடம் யாரும் கறக்கவில்லை. இந்த இடத்தில் உங்களுக்குத்தான் லாபம்.

60 ஆயிரம் எங்கிருந்து வந்தது என்றால், ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி. ஐடிவி (இன்சூரன்ஸுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு) 11 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டாரிஃப் கட்டணப் பட்டியல்படி கோவைக்கு 3.039 சதவீதம், 33 ஆயிரத்துச் சொச்சம். புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம், 6,521. ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்), இன்ஜின் பாதுகாப்புக் கவர் என்று நாலைந்து சேர்ப்பார்கள். மொத்தத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. 60 வந்துவிடும். 2007-லேயே டாரிஃப் கட்டுப்பாடு போய்விட்டது, அந்த 33 ஆயிரத்தில் கம்பெனிகள் தாராளமாகத் தள்ளுபடி தருகின்றன. உங்கள் ஷோரூம் ஒரு பைசா குறைத்த மாதிரி தெரியவில்லை. வெளியே விசாரியுங்கள், எங்கே பாலிசி எடுப்பது என்பது உங்கள் உரிமை.

கோவை டர்போ:
சரி சார், ஷோரூம் விஷயம் புரிந்தது. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. விலையையும் சிசியையும் பார்க்கிறார்கள், ஓட்டுகிறவனைப் பார்ப்பதே இல்லை. நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனும் நானும் ஒரே கட்டணமா?

குரோய்டன்வாசி:
ஆளைப் பார்த்துக் கட்டணம் போடச் சொல்கிறீர்களே, அது எப்படி இருக்கும் என்று இங்கே வந்து பாருங்கள். பிரிட்டனில் ஒவ்வொரு மாடலுக்கும் 1 முதல் 50 வரை குரூப் எண் கொடுத்துவைத்திருந்தார்கள். இன்ஜின் சக்தி, உதிரிபாக விலை, திருட்டுத் தடுப்பு எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் உங்கள் வயது, வேலை, வீட்டு அஞ்சல் குறியீடு. பதினெட்டு வயதுப் பிள்ளை ஹாட் ஹேட்ச் (சக்தி கூடிய சின்ன கார்) கேட்டால், பழைய காராக இருந்தால் அதன் விலையையே பிரீமியம் தாண்டிவிடும். சின்ன இன்ஜின் காருக்கே வேகத்தையும் பிரேக்கையும் கண்காணிக்கும் கறுப்புப் பெட்டி வைக்கச் சொல்வார்கள். என் மகனுக்குப் பார்த்தபோது கண்ணைக் கட்டிவிட்டது. ஊரில் இருக்கிற முறையைக் குறை சொல்லாதீர்கள்.

சர்வேயர்62:
இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை சார். இளவட்டம் கையில் சக்தி வாய்ந்த கார் கிடைப்பதை அந்தக் கட்டணமே தடுக்கிறது. இங்கே தடுக்க எதுவும் இல்லை. 265 பிஎஸ் கோல்ஃப் ஜிடிஐ 1984 சிசி, இன்னோவா கிறிஸ்டா 2393 சிசி. இரண்டுக்கும் தேர்ட் பார்ட்டி 7,897-தான். ஒன்று குடும்பத்தோடு பழனிக்குப் போகிற வண்டி, இன்னொன்று ஆறு நொடியில் நூறைத் தொடுகிற வண்டி. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோவை டர்போ:
நூறைத் தொடுவது குற்றமா? எல் அண்ட் டி பைபாஸில் எதிர்த்திசையில் வருகிறவர்களில் எத்தனை பேர் டர்போ கார்? ஓட்டுகிறவனின் அபராத வரலாறு சலானில் பதிவாகியிருக்கிறது. அதை வைத்துப் போடுங்கள், நான் சந்தோஷமாகக் கட்டுகிறேன். பிஎஸ் எண்ணை வைத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. வாங்கியதும் ரீமேப் செய்ய, அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்ட நினைக்கிறேன். அதை இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?

பெட்ரோல்ஹெட் திருச்சி:
யாரும் சொல்வதில்லை ப்ரோ. சாஃப்ட்வேர்தானே, வெளியே என்ன தெரியப் போகிறது?

சர்வேயர்62:
இந்த யோசனையைக் கேட்டுப் பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன். இன்ஜின் அடிபட்ட வண்டி வந்தால் ஈசியுவை (இன்ஜினை இயக்கும் கணினியை) படிக்கச் சொல்லி சர்வீஸ் சென்டரிடம் கேட்போம். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் மாற்றிய மென்பொருளுக்கு டிடி1 என்று குறியே விழுந்துவிடும். மாற்றத்தை மறைத்தது தெரிந்தால் ஓன் டேமேஜ் கிளெய்மை நிராகரிக்கக் கம்பெனிக்கு அதுவே போதும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பணம் மிச்சம் பிடிக்க வழி வேறு இருக்கிறது. பழைய காரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால் ஓன் டேமேஜில் 50 சதவீதம் கழியும். பழைய காரை விற்கும்போது போனஸைத் தக்கவைக்கும் கடிதம் வாங்கிப் புதுக் காருக்குக் கொடுங்கள். ஐடிவியை மட்டும் குறைக்காதீர்கள். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு இழப்பு), கைக்கு வருவது நீங்கள் குறைத்த அந்தத் தொகைதான்.

ஜீரோ டெப்பையும் விடாதீர்கள். என் லைன் முன் பம்பர் சாதாரண ஐ20 பம்பர் அல்ல. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம். பம்பர் உடைந்தால் ஜீரோ டெப் இல்லாதவர் பாதி விலையைக் கையிலிருந்து போட வேண்டும்.

பெட்ரோல்ஹெட் திருச்சி:
டிடி1 விஷயம் எனக்குத் தெரியாது சார். ஆனால் ஹூண்டாயில் அப்படிக் குறி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லையே.

சர்வேயர்62:
குறி விழுந்தாலும் விழாவிட்டாலும் மறைப்பது மறைப்பதுதான் தம்பி. எழுத்தில் தெரிவியுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டுங்கள், மறுத்தால் ரீமேப்பை விட்டுவிடுங்கள்.

கோவை டர்போ:
ரீமேப்பைத் தள்ளிவைக்கிறேன். நாளைக்கே வெளியே மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குகிறேன், போனஸ் கடிதத்துக்கும் எழுதிப் போடுகிறேன். சக்தியை வைத்துத் தேர்ட் பார்ட்டியை ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார்.