டிசம்பரில் எமரால்டு ஏரி: அப்பாவையும் மகளையும் கூட்டிப் போகலாமா?

டாலஸ்வாசி:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் டாலஸிலிருந்து கொலராடோ வருகிறோம். ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் பேர் லேக்கிலிருந்து கிளம்பி நிம்ஃப், டிரீம், எமரால்டு ஏரிகளைப் பனியில் நடந்து பார்க்க ஆசை. நான், கணவர், பத்து வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பா (66). அப்பா தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகளுக்கு உறைந்த ஏரியின் நடுவில் போய் நிற்க வேண்டுமாம். ஐஸ் தாங்குமா? ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லாங்மாண்ட்காரன்:

சகோதரி, பதினோரு வருடமாக லாங்மாண்டில் இருக்கிறேன். குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது அந்தப் பாதையில் நடந்துவிடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பா. எமரால்டு போய்த் திரும்ப 3.6 மைல், ஏற்றம் 650 அடிதான். தினமும் நடக்கிறவருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. சிரமம் உயரத்தில்தான். கொடைக்கானலே சுமார் 7,000 அடி. இங்கே கார் நிறுத்தும் இடமே 9,475 அடி, எமரால்டு 10,110 அடி. டென்வரில் இறங்கிய மறுநாளே அவரை ஏற்றாதீர்கள். 7,500 அடியில் இருக்கும் எஸ்டஸ் பார்க் ஊரில் ஒன்றிரண்டு இரவு தங்கட்டும். புறப்படுவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் மேலே போகாமல் கீழே இறங்கிவிடுங்கள். அவருக்கு பேர் லேக் கரையே போதும். கார் நிறுத்தத்திலிருந்து சில நிமிடம்தான். ஹாலட் சிகரம் நேர் எதிரே தெரியும்.

ஐஸ் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். டிசம்பர் கடைசியில் அந்த ஏரிகள் பெரும்பாலும் நன்றாக உறைந்திருக்கும், ஆட்கள் குறுக்கே நடந்த தடமும் தெரியும். ஓர் ஆள் நடக்கத் தெளிவான ஐஸ் நான்கு அங்குலமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பனியும் தண்ணீரும் கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி வலுதான். அதைவிட முக்கியம், ஒரே ஏரியில் எல்லா இடமும் ஒரே கனத்தில் உறைவதில்லை. ஓடை உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் வாயிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஐஸ் மெலிதாகவே நிற்கும். மேலே கிடக்கும் பனி கம்பளி போர்த்தியது போல அந்த மெல்லிய இடத்தை இன்னும் கனக்க விடாது, கண்ணுக்கும் காட்டாது.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். ஒரு நவம்பர் நடுவில் டிரீம் ஏரியின் வாய்ப்பக்கம் படம் எடுக்கத் தடத்தை விட்டு நான்கடி தள்ளிப் போனேன். அரையடிப் பனி, மெத்தை மாதிரி இருந்தது. வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. உடனே இழுத்துவிட்டேன். ஆனால் காருக்கு வர ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். வந்து சேர்வதற்குள் ஷூ லேஸ் முடிச்சு கண்ணாடிக் குண்டு மாதிரி இறுகிவிட்டது. விரலிலும் உணர்ச்சி இல்லை. மனைவி தெர்மாஸில் மிச்சமிருந்த காபியை அந்த முடிச்சின் மேல் ஊற்றித்தான் அவிழ்த்தாள். அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் ஆழம்தான் என்பது என் அதிர்ஷ்டம். அதனால்தான் சொல்கிறேன்: மகள் எந்த ஏரியில் இறங்கினாலும் ஓடை வாய்ப்பக்கம் போக வேண்டாம், பெரியவர் ஒருவர் முன்னால் நடக்கட்டும்.

இன்னொன்றையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏரி சத்தம் போடும். குளிர் கூடிக் குறையும்போது ஐஸ் சுருங்கி விரியும். அப்போது அடியிலிருந்து 'கும்ம்' என்று ஒன்று கிளம்பி, ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்கு ஓடும். சத்தம் கேட்டதாலேயே ஐஸ் உடையப் போகிறது என்று பயப்பட வேண்டாம். எனக்கு அந்தப் பாதையில் மிகப் பிடித்த விஷயமே அதுதான்.

ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டவே வேண்டாம். நனையாத பூட்ஸ், அதன் மேல் மைக்ரோஸ்பைக் (வழுக்காமலிருக்க ஷூவின் மேல் மாட்டும் சின்ன இரும்பு முள் பட்டை). எஸ்டஸ் பார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். புதுப் பனி நிறைய விழுந்திருந்தால் ஸ்னோஷூ, அதாவது பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலமான தட்டு, எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸும் பருத்தி சாக்ஸும் கூடாது. ஏறும்போது வேர்க்கும், டிண்டால் பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று டிரீம் ஏரியில் முகத்தில் அறையும், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும்.

கடைசியாக, டிரீம் தாண்டி எமரால்டு போகும் பகுதியில் மேலே செங்குத்தான சரிவுகள் இருக்கின்றன. காலையில் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அபாய அளவு ஐந்து படிகளில் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் டிரீம் ஏரியோடு திரும்பிவிடுங்கள். நான் அப்படிப் பல தடவை திரும்பியிருக்கிறேன்.

ஃபோர்ட்காலின்ஸ் அம்மா:

அண்ணன் சொன்னதோடு பிள்ளைகளுக்காகக் கொஞ்சம். தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். மேலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் அடைக்காது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை வேண்டாம், குழாய் முதலில் உறைந்துவிடும். தெர்மாஸில் ரசம் கொண்டு போங்கள், என் பையன் அதற்காகவே நடப்பான். கைக்கு இரண்டு ஜோடி உறை, ஒரு ஜோடி எப்படியும் நனையும். போனை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள், இல்லாவிட்டால் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும். பாதையில் சிக்னலை நம்ப வேண்டாம்.

மலைச்சாலை:

வாடகைக் கார் எடுக்கும்போது டயரைப் பாருங்கள். பனி விழுந்த நாளில் பனி டயரோ சங்கிலியோ இல்லாமல் பேர் லேக் சாலையில் ஏற வேண்டாம். பூங்காவின் ஷட்டில் பஸ் குளிர்காலத்தில் ஓடாது, விடுமுறை வாரத்தில் கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பும். எட்டரைக்குள் போய்விடுங்கள். மதியம் தாண்டினாலே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும்.

டாலஸ்வாசி:

நேற்று திரும்பி வந்தோம். எல்லாருக்கும் நன்றி. எஸ்டஸ் பார்க்கில் இரண்டு இரவு தங்கினோம். அப்பாவுக்கு முதல் நாள் லேசான தலைவலி, மறுநாள் சரியாகிவிட்டது. பனிச்சரிவு அறிவிப்பு மூன்று என்று இருந்ததால் கணவரும் மகளும் டிரீம் ஏரியோடு நிறுத்திக்கொண்டார்கள். காற்று பனியை எல்லாம் வாரிக்கொண்டு போய், நடு ஏரி கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்ததாம். தடத்தில் நடந்து நடுவில் நின்றாள். அப்புறம் படுத்துக் காதை வைத்துக் கேட்டாளாம். அந்தக் 'கும்ம்' இரண்டு தடவை வந்தது என்கிறாள்.

நானும் அப்பாவும் பேர் லேக் கரையில் இருந்தோம். அவர் ஊன்றுகோலால் ஓரத்துப் பனியை ஒரு முழம் அளவுக்குச் சுரண்டினார். அடியில் ஐஸுக்குள் ஒரு பைன் ஊசி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள், அப்படியே நின்றுபோயிருந்தன. கையுறையைக் கழற்றி அதன் மேல் விரலை வைத்தார். அவர்கள் இறங்கி வரும் வரைக்கும் அங்கேயேதான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.