அல்ஜீரியன் ஐ தையல் போட்டா ஓட்டையே விழல, குயீன் ஸ்டிச் கொத்தா சுருண்டுக்குது, யாராச்சும் சொல்லித்தாங்க

செல்லூர்_ஊசிநூல்:
எல்லாருக்கும் வணக்கம், நான் மதுரை செல்லூர். காலேஜ் முடிச்சதுல இருந்து கிராஸ் ஸ்டிச் போடுறேன், நாலஞ்சு பிரேம் போட்டு வீட்ல மாட்டியும் வச்சிருக்கேன், அது கைக்கு வந்துருச்சு. இப்ப பழைய காலத்து இங்கிலீஷ் சாம்ப்ளர் இருக்குல்ல, நீளத் துணில வரி வரியா வேற வேற தையலா வரும்ல, அது மாதிரி ஒண்ணு பண்ணணும்னு ஆசைப்பட்டு ஆரம்பிச்சேன். மொத மூணு வரி லாங் ஆர்ம்டு கிராஸ், ஸ்மிர்னா, ரைஸ் ஸ்டிச், அது வரைக்கும் பரவால்ல. நாலாவது வரி அல்ஜீரியன் ஐ, சுத்தி எட்டு பக்கத்துல இருந்தும் நூல் நடுவுல ஒரே ஓட்டைக்கு வர்ற தையல், அங்க நின்னதுதான். நடுவுல அழகா ஒரு ஓட்டை விழணும், எனக்கு எட்டு நூலும் நடுவுல போய் குமிஞ்சு மொட்டு மாதிரி நிக்குது. அடுத்த வரி குயீன் ஸ்டிச் வைரம் மாதிரி வரணுமாம், நான் போட்டத எங்கம்மா பாத்துட்டு சாயங்காலம் விக்காத மல்லி மாதிரி இருக்குடின்னுட்டாங்க 😭

இங்க தெருவுக்கு ரெண்டு ஆரி கிளாஸ் இருக்கு, பிளவுஸ் கைக்கு மயிலு போட சொல்லித்தருவாங்க, இழை எண்ணிப் போடுற தையல் கத்துக்கணும்னு கேட்டா ஸ்கூல் பிள்ளைக போடுறதும்மா அதுன்னு சிரிக்கிறாங்க. துணி வெள்ளை மேட்டி, அதான் கட்டம் கட்டமா தெரியிற எம்ப்ராய்டரி துணி, நூல் ஆங்கர் கம்பெனி எம்ப்ராய்டரி நூல்ல ரெண்டு இழை, ஊசி சாதா எம்ப்ராய்டரி ஊசிதான். எங்க தப்பு பண்றேன்?

தையல்டீச்சர்_ரிட்டயர்டு:
மொதல்ல ஊசிய மாத்து தாயி. நுனி கூரா இருக்கிற ஊசி இழைக்கு நடுவுல போகாது, இழையவே குத்திக்கிட்டுப் போகும், அப்புறம் எப்படி ஓட்டை விரியும்? டேபஸ்ட்ரி ஊசின்னு கேட்டு வாங்கு, நுனி மழுங்கி இருக்கும், 24 இல்ல 26 நம்பர். புதுமண்டபத்துல இருந்த கடைகள்லாம் இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு, அங்க விசாரிச்சுப் பாரு.

அல்ஜீரியன் ஐ-க்கு ஒரே ஒரு விதி. ஊசி எப்பவும் வெளி ஓரத்துல மேல வரணும், நடு ஓட்டைல கீழ இறங்கணும், எட்டு தடவையும் அப்படித்தான், ஒரு தடவை கூட நடுவுல மேல வரக்கூடாது. நடுவுல மேல வந்தா ஏற்கனவே போட்ட நூலக் கிளப்பிக்கிட்டு வரும், அதான் உன் மொட்டு. ஒவ்வொண்ணும் இறக்குனதும் நடுவுல இருந்து வெளிப்பக்கமா லேசா ஒரு இழு, வெண்டைக்கா ஒடிச்சுப் பாக்குற அளவுக்கு, அதுக்கு மேல வேணாம். ஆரம்பத்துல முடிச்சுப் போடாம ஒரு இஞ்சு வால் விட்டு பின்னாடி தையலுக்குள்ள சொருகிரு, அடுத்த ஐ-க்குப் போறப்ப நூல் ஓட்டைக்குப் பின்னாடி குறுக்க போகாம ஓரமா சுத்திப் போகணும்.

குயீன் ஸ்டிச்சுல நீ என்ன பண்ணிருப்பன்னா மேல இருந்து கீழ போற நாலு நேர்கோட்டையும் மொத்தமா போட்டுட்டு அப்புறம் கட்டப் பாத்துருப்ப. அப்படி இல்ல. நாலு கோட்டுக்கும் மேல ஒரே ஓட்டை, கீழ ஒரே ஓட்டை. ஒரு கோடு போட்ட கையோட அதோட பாதி உயரத்துல ஒரு இழை அகலத்துக்கு குட்டியா ஒரு குறுக்குத் தையல் போட்டு அதக் கட்டிறணும், அப்புறந்தான் அடுத்த கோடு. மொத கட்டு இடது கோடி, நாலாவது கட்டு வலது கோடி, நடுவுல ரெண்டும் பக்கத்து பக்கத்துல. நேர்கோட்ட கொஞ்சம் தளர்வா விடு, டைட்டா இழுத்துட்டா அது பக்கத்துக்கு வளையவே வளையாது. இழுக்கிற வேலையெல்லாம் அந்த குட்டிக் கட்டுலதான்.

நூல் ஒரு முழத்துக்கு மேல வெட்டாத. ஆறு இழைல இருந்து ஒவ்வொண்ணா உருவி எடுத்து திரும்ப ரெண்டு சேத்துக்கோ, அப்பத்தான் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல படுக்கும். அப்புறம் அந்த ஆரி கிளாஸ்காரங்க சிரிக்கிறதப் பத்திக் கவலப்படாத, நான் கவர்ன்மென்ட் லோயர் தையல் பரிச்சைக்கு ரெக்கார்டு நோட்டு ஒட்டுன காலத்துல எல்லாத் தையலும் குட்டி குட்டி துணில போட்டு ஒட்டி வச்சோம், உன் சாம்ப்ளரும் அதேதான். அந்தக் காலத்துல அச்சடிச்ச டிசைன் சுலபத்துல கிடைக்காது, கண்ட தையல மறந்துராம இருக்க துணில போட்டு வச்சுக்குவாங்க.

இழைஎண்ணி:
டீச்சர் சொன்னது கரெக்ட், ஆனா மேட்டிய யாரும் கவனிக்கலையே. அதுல ரெண்டு ரெண்டு இழையா சேந்து நெய்ஞ்சிருக்கும், பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்துல இருக்கும்னு சொல்ல முடியாது. 40 கட்டம் நீளவாக்குல எண்ணி ஸ்கேல் வச்சுப் பாருங்க, அப்புறம் குறுக்கவும் அதே 40. ரெண்டும் ஒண்ணா வரலைன்னா உங்க சதுரம் எல்லாம் செவ்வகமாத்தான் வரும், ரைஸ் ஸ்டிச்சுல தெரியாது, ஐ-யில பளிச்சுனு தெரியும். சாம்ப்ளருக்கு 28 கவுண்ட் ஈவன்வீவ், அதாவது நீளத்துலயும் குறுக்கயும் இஞ்சுக்கு 28 இழைன்னு ஒரே மாதிரி நெய்ஞ்ச துணி, ஆன்லைன்ல வாங்கிக்கோங்க, ரெண்டு இழைக்கு ஒரு தையல்னு போட்டா சரியா இருக்கும். மேட்டிய பழகுற துணியா வச்சுக்கோங்க. இங்கிலாந்துல தேதி போட்டு கிடைச்சதுல ரொம்பப் பழசு ஜேன் பாஸ்டாக் 1598-ல போட்ட சாம்ப்ளர், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க, எழுத்து கொஞ்சம் நெருக்கிப் போச்சுன்னாலும் அந்தம்மா பாட்டுக்கு போட்டுட்டே போயிருக்காங்க. எனக்கு அதப் பாத்தப்புறந்தான் தைரியமே வந்துச்சு.

ஸ்கூல் பிள்ளைக தையல்னு சொன்னவங்கள ஊட்டி பக்கம் தோடர் எம்ப்ராய்டரி பாக்கச் சொல்லுங்க, வெள்ளத் துணில கருப்பும் சிவப்பும், டிசைன் வரையாம இழைய எண்ணியே போடுறாங்க.

பரங்குன்றம்_பொண்ணு:
குறுக்க வரேன் மன்னிச்சுக்கோங்க. நூல் எதுவா இருந்தாலும் செவப்பு மட்டும் டெஸ்ட் பண்ணாம போட்றாதீங்க அக்கா. நான் ஒரு கடைல லேபிள் இல்லாத செவப்பு நூல் சீப்பா கிடைக்குதேன்னு வாங்கி மூணு மாசம் ஒரு பார்டர் போட்டு, கடைசில துவைச்சப்ப மொத்தத் துணியும் ரோஸ் பவுடர் கொட்டுன மாதிரி ஆயிருச்சு, அன்னைக்கு சாப்பிடவே இல்ல. ஒரு சாண் நூல நனைச்சு வெள்ளத் துணில வச்சு அயர்ன் பண்ணுங்க, சாயம் ஒட்டுச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க. துணிய இழுத்துப் பிடிக்கிற எம்ப்ராய்டரி ரிங்க ராத்திரி கழட்டி வைங்க, நம்மூர் வெயிலுக்கு கை வேர்வையும் அழுக்கும் சேந்து வட்டமா ஒரு கறை விழும், அது போகவே போகாது.

செல்லூர்_ஊசிநூல்:
எல்லாருக்கும் நன்றி!! அளந்து பாத்தேன், 40 கட்டம் நீளத்துல 10.2 செ.மீ., குறுக்க 11.4. அட பாவமே. இதுல எப்படி வட்டம் வரும். எங்க தாத்தா ஹார்வி மில்லு ஆளு, பின்னாடி மதுரா கோட்ஸ் ஆச்சே அதே மில்லு, அவரு இருந்தா துணியத் தொட்டே சொல்லிருப்பாரு, பேத்தி ஸ்கேல் வச்சு எண்ணிக்கிட்டு இருக்கேன்.

24 நம்பர் ஊசி கிடைச்சுது டீச்சர், நேத்து ராத்திரி மேட்டிலயே பழகுனேன். ஏழு ஐ போட்டேன், மொத ரெண்டு மொட்டுதான், மூணாவதுல வெளில மேல நடுவுல கீழன்னு முணுமுணுத்துக்கிட்டே போட்டேன், ஓட்டை விழுந்துருச்சு! கோழிமுட்ட மாதிரி நீளமா இருக்கு, ஆனா ஓட்டை ஓட்டைதான். ஆறாவதுல கரன்ட் போயி செல்போன் வெளிச்சத்துல போட்டேன், அதுல ஏழு நூல்தான் இருக்கு, பிரிக்க மனசு வரல.

குயீன் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. மூணாவது கட்டு போடுறப்ப எந்தப் பக்கம் இழுக்கணும்னு குழம்பிருது, வலது பக்கமா இழுத்தா ரெண்டாவது கோடும் சேந்து வருதே டீச்சர், ரெண்டாவது கட்டுற ஓட்டையும் மூணாவது கட்டுற ஓட்டையும் ஒண்ணுதானா இல்ல தனித்தனியா?

தையல்டீச்சர்_ரிட்டயர்டு:
ஒண்ணுதான் தாயி. ரெண்டாவது கட்டு முடியுற ஓட்டைலதான் மூணாவது ஆரம்பிக்கும், ரெண்டும் அந்த நடு ஓட்டையப் பங்கு போட்டுக்கும். சேந்து வருதுன்னா ஊசி ரெண்டாவது கோட்டு நூலக் குத்திருச்சுன்னு அர்த்தம். அந்தக் கோட்ட கட்ட விரல் நகத்தால இடது பக்கம் ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஊசிய விடு. நாளைக்கு போட்டோ போடு, பின்பக்கமும் சேத்து.